ஜவ்வு தேறியது, கால் தேறவில்லை: ஸ்டீபன் கரியின் வலது கணுக்கால்

2012 ஏப்ரல் 25. தெற்கு கலிஃபோர்னியாவில் வான் நைஸ் என்ற இடத்தில் ஓர் அறுவை அரங்கு. மயக்க மருந்தில் படுத்திருப்பவர் 24 வயதான அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கரி. டாக்டர் ரிச்சர்ட் ஃபெர்கெலுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வலது கணுக்காலை அழுத்தித் திருப்பிப் பார்க்கும்போது மூட்டு தொளதொளவென்று ஆடினால், இறந்தவர் உடலிலிருந்து எடுத்த தசைநாணை வைத்து மறுபடி கட்ட வேண்டும். அதற்கு அரை வருடம் போய்விடும். ஆடாவிட்டால் சிறு துளை வழியாகக் கேமராவை விட்டு உள்ளே சேர்ந்திருப்பதைச் சுத்தம் செய்தால் போதும், மூன்று நான்கு மாதத்தில் திரும்பலாம். கண் விழிக்கும்போது எது நடந்திருக்கும் என்று தெரியாமலேதான் கரி உறங்கப் போனார்.

மூட்டு ஆடவில்லை. 11 மாதங்களுக்கு முன் தைத்துச் சரிசெய்த ஜவ்வு, அதாவது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார், கெட்டியாகவே இருந்தது. உள்ளே கிடந்தவை தடித்துப்போன தழும்புத் திசு, வீங்கிய சதை, எலும்பு முனைகள், உடைந்த குருத்தெலும்புத் துணுக்குகள்.

ஜவ்வு நன்றாக இருந்தும் 2011-12 பருவத்தின் 66 ஆட்டங்களில் 40-இல் அவர் ஏன் விளையாட முடியவில்லை? நாள்பட்ட கணுக்கால் தளர்வு என்று மருத்துவர்கள் சொல்லும் சிக்கலைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான ஒரு நிகழ்வை நான் பார்த்ததில்லை. சுளுக்கு என்றால் ஜவ்வு, ஜவ்வு சரியானால் கால் சரி என்ற கணக்கு இங்கே உடைகிறது. இன்னொரு கணக்கும் உடைகிறது. இந்தச் சிக்கல் வீரனின் ஆட்டத்தை எப்படிக் குறைக்கிறது என்று கேட்டால், தாவும் உயரம் குறையும், குறி தப்பும் என்று பலர் சொல்வார்கள். கரியின் எண்கள் அப்படிச் சொல்லவில்லை.

வரலாறு

2009-இல், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் புதுமுக வீரர் தேர்வில் ஏழாவது ஆளாக கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கரியை எடுத்தது. முதல் ஆண்டில் குறிப்பிடும்படி காயம் எதுவும் இல்லை. 2010-11 பருவத்தில் வலது கணுக்கால் திரும்பத் திரும்பப் புரண்டது. நடுவில் எட்டு ஆட்டங்கள் மட்டும் ஓய்வு. மற்றபடி கட்டுப்போட்டு ஆடி 74 ஆட்டங்களை முடித்தார். நம் ஊர்த் திடல்களில் நடப்பதும் இதுதானே: கால் மடங்கும், ஸ்பிரே அடித்து இறுக்கமாகக் கட்டிக்கொண்டு மீதி நேரத்தை ஓட்டிவிடுவார்கள், வீக்கம் வடிந்தால் ஆறிவிட்டது என்று நினைப்பார்கள். கோடிக்கணக்கான டாலர் புழங்கும் லீக்கிலும் அன்று நிலைமை பெரிதாக வேறுபடவில்லை.

2011 மே மாதம் சார்லட் நகரில் முதல் அறுவை சிகிச்சை. கிழிந்திருந்த ஜவ்வுகள் சரிசெய்யப்பட்டன. அந்த ஆண்டு சம்பளத் தகராறால் லீக்கே கதவடைத்திருந்ததால் ஆற நிறைய நேரம் கிடைத்தது. ஆனால் டிசம்பர் 20 அன்று, பருவம் தொடங்கும் முன்பே, சாக்ரமென்டோவுக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் அதே கால் புரண்டது. 26-ஆம் தேதி சிகாகோவுக்கு எதிராக இன்னொரு முறை. ஜனவரி 4 அன்று சான் அன்டோனியோவில் மறுபடியும். பதினைந்தே நாளில் மூன்று தடவை, அதுவும் புதிதாகத் தைத்த மூட்டில். மார்ச் 11-க்குப் பிறகு அந்தப் பருவத்தில் அவர் களம் இறங்கவே இல்லை. ஏப்ரலில் வான் நைஸ்.

எது தளர்வு?

கணுக்கால் சுளுக்கில் பெரும்பாலானவை வெளிப்பக்கம் நேர்பவை. உள்ளங்கால் உட்புறம் பார்க்கும்படி பாதம் புரள, வெளிக் கணுவுக்கு முன்னால் இருக்கும் சின்ன ஜவ்வு முதலில் கிழியும். பலருக்கு அது ஆறிவிடும். முதல் சுளுக்குக்குப் பிறகு ஓராண்டு பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், நூற்றுக்கு நாற்பது பேருக்கு ஆறவில்லை. கால் திடீரென்று "விட்டுவிடுவது", மறுபடி புரள்வது, பயம் எல்லாம் தொடர்ந்தன. இப்போது ஆய்வாளர்கள் பின்பற்றும் வரையறை ஏறத்தாழ இப்படி: குறைந்தது ஓராண்டுக்கு முன் ஒரு பெரிய சுளுக்கு, அதன்பின் கால் நழுவுவதோ மீண்டும் சுளுக்குவதோ, கூடவே அந்தக் காலை நம்ப முடியவில்லை என்ற உணர்வு. கடைசியாகச் சொன்னதை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவமே இருக்கிறது. 30-க்கு 24 அல்லது அதற்குக் கீழே வந்தால் தளர்வு என்று கொள்வார்கள்.

ஓர் உணர்வைப் போய் மருத்துவ வரையறைக்குள் வைக்கிறார்களே என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது. இந்தத் தளர்வில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று எலும்பும் ஜவ்வும் சார்ந்தது. மருத்துவர் கையால் இழுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். மற்றொன்று நரம்பு சார்ந்தது. ஜவ்வுக்குள்ளும் மூட்டு உறைக்குள்ளும் நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. பாதம் இந்தக் கணத்தில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று தண்டுவடத்துக்கும் மூளைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பவை அவை. ஜவ்வு கிழியும்போது அவையும் சேதமாகின்றன. 1965-இலேயே பிரிட்டிஷ் மருத்துவர் ஃப்ரீமன் இதைச் சுட்டிக்காட்டினார்: ஜவ்வு ஆறியும் கால் நழுவுவதற்குக் காரணம், மூட்டிலிருந்து போகும் செய்தி அறுந்துபோனதாக இருக்கலாம் என்றார். அதற்கு அவர் சொன்ன மருந்து, ஆடும் பலகையில் ஒற்றைக் காலில் நிற்பது. அறுபது ஆண்டு கழித்தும் பிசியோ அறைகளில் அந்தப் பலகை கிடக்கிறது.

முதல் அறுவையில் கரிக்கு முதல் வகை சரியானது. ஃபெர்கெல் அழுத்திப் பார்த்தபோது அது உறுதியும் ஆனது. மிச்சமிருந்தது இரண்டாவது வகையும், மூட்டுக்குள் சிக்கிக்கொண்ட தழும்பும்தான்.

எண்கள் எங்கே குறைந்தன?

2010-11 பருவத்தையும் 2011-12 பருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சின் துல்லியம் முதலாவதில் 44.2 சதவீதம், இரண்டாவதில் 45.5. மொத்த வீச்சுத் துல்லியம் 48-இலிருந்து 49 ஆனது. அதாவது கால் மோசமாக இருந்த பருவத்தில் குறி ஒரு நூல் கூடியே இருக்கிறது! ஆட்டத்துக்குச் சராசரி 18.6 புள்ளி 14.7 ஆகக் குறைந்ததே என்றால், அதில் பெரும்பங்கு நிமிடக் குறைவு: 33.6 நிமிடம் 28.2 ஆனது. 36 நிமிடத்துக்கு என்று கணக்கிட்டால் 19.9 புள்ளி 18.8 ஆகிறது. அவ்வளவுதான். பத்திரிகையில் வரும் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த ஆளின் கணுக்காலில் ஏதோ கோளாறு என்று தோன்றவே தோன்றாது.

கோளாறு தெரிவது வேறு இடத்தில். கூடைக்கு அடியில் புகுந்து, மோதி, எதிராளியைத் தவறு (ஃபவுல்) செய்யவைத்து, யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகும் வேலையில். 2010-11-இல் கரி 227 ஃப்ரீ த்ரோ எடுத்தார். 36 நிமிடத்துக்கு 3.3. மறு பருவத்தில் மொத்தமே 47; 36 நிமிடத்துக்கு 2.3. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. (அந்த 47-இல் 38-ஐத்தான் போட்டார், அதாவது 80.9 சதவீதம், முந்தைய பருவத்தில் 93.4. இதைக் காலோடு முடிச்சுப்போட நான் தயாரில்லை. நான்கைந்து பந்து உள்ளே போயிருந்தால் மாறிவிடும் எண் இது.) 26 ஆட்டம் என்பது சின்ன மாதிரிதான். ஆனாலும் குறைவு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நின்று எறிவது கெடவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, யார் பாதத்தின் மேல் இறங்குவோம் என்று தெரியாமல் தாவுகிற ஆட்டம்தான் சுருங்கியிருக்கிறது.

ஆய்வகங்களில் கிடைப்பதும் இதே சித்திரம். நாள்பட்ட தளர்வு உள்ளவர்களை நேராக மேலே தாவச் சொன்னால் மற்றவர்களிலிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியாமல் போவது வழக்கம். ஒற்றைக் காலில் பக்கவாட்டில் தாவச் சொன்னால், எட்டு வடிவத்தில் தாவி ஓடச் சொன்னால், காலை நம்ப முடியவில்லை என்று சொன்னவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒற்றைக் காலில் இறங்கி அசையாமல் நிற்கவும் கூடுதல் நேரம் ஆகிறது. நேர்கோட்டில் ஓடுபவனுக்கு இது பெரிய விஷயமில்லை. கூடைப்பந்தில் நேர்கோடு எங்கே இருக்கிறது? பக்கவாட்டில் சறுக்குவது, நின்று திரும்புவது, பின்னால் துள்ளி எறிவது, பிறகு ஐந்தாறு ஜோடி ஷூக்களுக்கு நடுவில் இறங்குவது என்பதுதான் ஆட்டமே.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஆட்டங்களின் எண்ணிக்கை. 40 ஆட்டங்கள் களத்துக்கு வெளியே. வராத ஆளின் துல்லியம் எத்தனை சதவீதமாக இருந்தால் அணிக்கு என்ன?

தாமதமாக வரும் தசை

பக்கவாட்டு அசைவு ஏன் இவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பதற்கு நேரக் கணக்கில் பதில் இருக்கிறது. ஆய்வகத்தில் யாருக்கும் வேண்டுமென்றே சுளுக்கு உண்டாக்க முடியாது. ஆனால் 2009-இல் வெளியான ஹாங்காங் ஆய்வுக் குறிப்பு ஒன்றில், வேறு சோதனையின் நடுவே ஒருவருக்குத் தற்செயலாகக் கால் புரண்டதைக் கேமராக்கள் பிடித்துவிட்டன. பாதம் தரையைத் தொட்டு 0.2 வினாடியில் 48 பாகை உட்புறமாகப் புரண்டிருந்தது. உச்சத்தில் வேகம் வினாடிக்கு 600 பாகைக்கு மேல்.

இதைத் தடுக்க வேண்டியவை கீழ்க்காலின் வெளிப்பக்கம் ஓடும் பெரோனியல் தசைகள். பாதம் திடீரென்று சாய்ந்தால் அவை விழித்துக்கொள்ளப் பொதுவாக 60 முதல் 90 மில்லிவினாடி ஆகிறது. விழித்த தசை உண்மையில் இழுக்கத் தொடங்க அதே அளவு நேரம் மேலும் வேண்டும். அதற்குள் ஜவ்வு கிழிய வேண்டியதெல்லாம் கிழிந்திருக்கும். ஆக, அனிச்சையாக எழும் தசை ஒருபோதும் சரியான நேரத்துக்கு வந்து சேராது. ஆரோக்கியமான காலிலும் அப்படித்தான். நம்மைக் காப்பாற்றுவது, பாதம் தரையைத் தொடும் முன்பே மூளை கணித்து அந்தத் தசைகளை இறுக்கி வைத்திருப்பது. மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக் காலை வைக்க, படி இல்லாமல் உடல் தூக்கிப்போடுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கணிப்பு தப்பினால் கால் தப்பும்.

தளர்வு உள்ளவரிடம் கெட்டுப்போவது இந்த முன்கணிப்பு. பாதம் தானிருக்கும் கோணத்தைச் சற்றே தவறாகச் சொல்கிறது. இறங்கும்போது நாலைந்து பாகை கூடுதலாக உட்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஷூவின் வெளி விளிம்பு முதலில் தரையில் படுகிறது. மிச்சத்தை உடல் எடையே செய்துவிடும். போதாக்குறைக்கு, பழைய சுளுக்குகளால் மூட்டின் முன்பக்கம் தழும்பு சேர்ந்திருந்தால் முழங்கால் விரலுக்கு முன்னால் வரும் அளவுக்குக் கணுக்கால் மடங்காது. மடங்காத மூட்டு பூட்டிக்கொள்ளவும் செய்யாது; பாதம் கொஞ்சம் நீட்டியபடியே இறங்கும், அதுதான் புரள மிக எளிதான நிலை. கேமரா வழியே ஃபெர்கெல் எடுத்துப் போட்ட தழும்பை வெறும் குப்பையாக நான் நினைக்காததற்குக் காரணம் இது.

44 மில்லியன் டாலர் சந்தேகம்

இடையில் பணக் கதை ஒன்று. 2012 மார்ச்சில் வாரியர்ஸ் தன் நட்சத்திரம் மான்டா எல்லிஸை மில்வாக்கிக்கு அனுப்பி ஆண்ட்ரூ போகட்டை வாங்கியது. கைவிட்டது முழு உடல்நலத்தோடு இருந்தவரை, வைத்துக்கொண்டது கரியை, வாங்கிய போகட்டும் அப்போது உடைந்த கணுக்காலோடு வீட்டில் இருந்தவர். அணியின் அன்றைய ஊரான ஓக்லண்டின் ரசிகர்கள் கொதித்துப்போனதில் வியப்பில்லை.

அந்த அக்டோபரில் இன்னொரு பயிற்சி ஆட்டத்தில் கரியின் வலது கால் மறுபடியும் லேசாகப் புரள, இரண்டு வாரத்துக்குள் அவர் நான்கு ஆண்டுக்கு 44 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்தத் தரத்து வீரருக்கு அது குறைந்த விலை. கணுக்கால் மேல் இருந்த சந்தேகத்துக்குப் போட்ட தள்ளுபடி என்றே அதைச் சொல்ல வேண்டும். 2015-16-இல், லீக்கின் மிகச் சிறந்த வீரராக ஒருமனதாகத் தேர்வான ஆண்டில், தன் அணியிலேயே சம்பளத்தில் அவர் ஐந்தாவது இடத்தில் இருந்தார். அப்படி மிஞ்சிய பணமும் லீக்கின் சம்பள உச்சவரம்பு திடீரென்று உயர்ந்ததும் சேர்ந்துதான் 2016 கோடையில் கெவின் டுரான்டை அந்த அணிக்குள் கொண்டுவர உதவின. ஒரு வீரரின் மூட்டுத் தளர்வு ஒரு லீக்கின் பலச் சமநிலையையே நகர்த்திய கதை விளையாட்டு மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை.

இடுப்புக்குப் போன வேலை

கரி எப்படித் தேறினார் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் கீகீ லைல்ஸ் என்ற பெயர். 2013-இல் வாரியர்ஸில் உடற்திறன் பொறுப்புக்கு வந்தவர். கரி திசை மாற்றும்போதெல்லாம் அந்த விசையைக் கணுக்காலிலேயே வாங்குகிறார், அந்தச் சின்ன மூட்டுக்கு அது தாங்காது, வேலையை இடுப்புக்கு மாற்ற வேண்டும் என்பது அவர் கருத்து. ஆகவே முழங்காலை அதிகம் மடக்காமல் இடுப்பில் மடங்கி எழக் கற்றுக்கொடுத்தார். ஒற்றைக் கால் பயிற்சிகள், யோகா, எல்லாவற்றுக்கும் மேலாக, தரையில் கிடக்கும் பளுவை இடுப்பு நிமிரத் தூக்கும் டெட்லிஃப்ட். சுமார் 86 கிலோ எடையுள்ள கரி கடைசியில் 180 கிலோவுக்கு மேல் தூக்கினார். அணியில் அவரைவிட அதிகம் தூக்கியவர் நெட்டையான சென்டர் ஃபெஸ்டஸ் எசீலி ஒருவர்தான் என்று செய்தி வந்தது.

இதற்கு ஆய்வு ஆதரவும் உண்டு. கால் திரும்பத் திரும்பப் புரண்டவர்களுக்கு அதே பக்கத்து இடுப்பின் வெளிப்புறத் தசை பலவீனமாக இருப்பதை 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நடக்கும்போதும் இறங்கும்போதும் பாதம் எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்வது பெரும்பாலும் இடுப்புதான். அது இரண்டு விரற்கடை தவறாகக் குறிவைத்தால், கீழே பாதம் உடல் எடைக்கு உட்பக்கமாகப் போய் விழும். வெளி விளிம்பில் இறங்கும். இடுப்பின் பிழையைத் திருத்தச் சிறிய மூட்டான கணுக்காலுக்கு வலு இல்லை, நேரமும் இல்லை.

அழகான விளக்கம்தான். ஆனால் தேதிகளைப் பார்த்தால் ஓர் இடறல் இருக்கிறது, இதை எழுதுகிறவர்கள் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். லைல்ஸ் வந்தது 2013-இல். அதற்கு முந்தைய 2012-13 பருவத்திலேயே கரி 82-இல் 78 ஆட்டம் ஆடிவிட்டார். 272 மூன்று புள்ளி வீச்சுகளைப் போட்டு, ரே ஆலன் வைத்திருந்த 269 என்ற சாதனையையும் அதே பருவத்தில்தான் முறியடித்தார். 2013 பிப்ரவரியில் நியூயார்க்கில் 54 புள்ளி எடுத்த இரவும் அப்போதுதான். எனவே அவரைக் களத்தில் நிற்கவைத்தது இடுப்புப் பயிற்சி என்று சொல்ல முடியாது. அதற்கு முதல் உரிமை வான் நைஸில் நடந்த சுத்தம் செய்தலுக்கும், அதன் பிறகு கிடைத்த நீண்ட ஓய்வுக்கும், இரண்டு கணுக்காலிலும் ஏறிய பிரேஸ் என்ற தாங்கு உறைக்கும்தான்.

அப்படியென்றால் இடுப்பு என்ன கொடுத்தது? என் கணிப்பு, முன்பு சுருங்கிய இடத்தை அதுதான் இன்னும் அகலத் திறந்துவிட்டது. 2012-13-இல் அவர் முழுப் பருவம் ஆடினாலும் 36 நிமிடத்துக்கு 3.5 ஃப்ரீ த்ரோதான். முதல் அறுவைக்கு முன்பிருந்த 3.3-ஐ ஒட்டிய அளவு. 2015-16-இல் அது 5.3. புகுந்து மோதுகிற ஆட்டம் அதற்குள் பெருத்துவிட்டது. அந்தப் பருவத்தில் 402 மூன்று புள்ளி வீச்சு, சராசரி 30.1 புள்ளி, அணிக்கு 73 வெற்றி. இதில் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர்ரின் ஆட்ட முறைக்கும், நட்சத்திரங்களுக்கு நடுவர்கள் தாராளமாக ஊதும் விசிலுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அறுவை மீட்டது ஆட்டங்களின் எண்ணிக்கையை, இடுப்புப் பயிற்சி விரித்தது அசைவுகளின் வகையை என்று பிரித்துப் பார்த்தால் தேதிகளும் எண்களும் முரண்படாமல் பொருந்துகின்றன.

2012-13 முதல் 2016-17 வரையான ஐந்து பருவங்களில் 410 ஆட்டங்களில் 394-இல் கரி ஆடினார். ஐந்தாண்டில் தவறவிட்டது 16. 2011-12-இல் மட்டும் தவறவிட்டது 40.

பிரேஸ், ஷூ, பலகை

ஷூ வாங்கப் போகும் பையன்கள் முதலில் கேட்பது உயரக் கழுத்து ஷூ காலைக் காப்பாற்றுமா என்பதைத்தான். 1993-இல் 600-க்கும் மேற்பட்ட கல்லூரி ஆட்டக்காரர்களை வைத்து நடந்த சோதனையில் உயரக் கழுத்துக்கும் தாழ்ந்த கழுத்துக்கும் சுளுக்கில் வேறுபாடு தெரியவில்லை. ஷூவில் செலவழிப்பதைவிட பிரேஸில் செலவழிப்பது நல்லது. விஸ்கான்சின் மாநிலப் பள்ளிகளில் 1,460 கூடைப்பந்து மாணவ மாணவியரிடம் நடந்த ஆய்வில், கயிறு கட்டும் பிரேஸ் அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. வந்த காயத்தின் கடுமை மட்டும் குறையவில்லை. பிரேஸ் போட்டால் தசை சோம்பேறியாகிவிடும் என்ற பேச்சு பயிற்சியாளர்களிடம் பரவலாக இருக்கிறது. அதை நம்பி, ஏற்கெனவே இரண்டு முறை புரண்ட காலைச் சும்மா அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். ஆஸ்திரேலியாவில் 2001-இல் வெளியான ஆய்வின்படி, முன்பு கணுக்காலில் அடிபட்ட கூடைப்பந்து ஆட்டக்காரருக்கு மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. காயங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை தரையில் இறங்கும்போது நேர்ந்தவை.

ஃப்ரீமனின் பலகையும் வீண்போகவில்லை. கால்பந்து, கூடைப்பந்து ஆடும் 765 பள்ளி மாணவர்களில், சமநிலைப் பயிற்சி செய்தவர்களுக்குச் சுளுக்கு 38 சதவீதம் குறைந்தது. செலவே இல்லாத மருந்து. கஷ்டம் என்னவென்றால், பருவம் முழுக்க விடாமல் செய்ய வேண்டும். வலி போனதும் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

ஒரு வீரரைத் திரும்ப ஆட அனுப்பும் முன் எதைப் பார்ப்பது? வலி இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு அனுப்புவதுதான் பரவலான வழக்கம். கரியின் 2011 டிசம்பர் அந்த வழக்கத்துக்கு எதிரான சாட்சி. தரையில் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு, ஒற்றைக் காலில் பக்கவாட்டில் பத்து முறை தாவிப் போய்வரச் சொல்லி நேரம் எடுக்கலாம். இரண்டு காலையும் ஒப்பிடலாம். ஒற்றைக் காலில் நின்றபடி மறு காலை முன்னால் எவ்வளவு தூரம் நீட்ட முடிகிறது என்றும் அளக்கலாம். பள்ளிக் கூடைப்பந்து வீரர்களில் இடது வலது வேறுபாடு 4 சென்டிமீட்டரைத் தாண்டினால் காலில் காயம் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்று 2006-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஓர் அளவு நாடாவும் கைபேசியிலிருக்கும் நேரமானியும் போதும். இவற்றோடு நேராக ஒரு கேள்வி: "அந்தக் காலை நம்பி இறங்குவியா?" தயங்கினால் அதையும் அளவாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஆள் என்ற குறை

இது ஒருவரின் கதை. அறுவை, ஓய்வு, பிரேஸ், வலுப்பயிற்சி, வயது கூடியதால் இறுகிய உடல் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. எது எவ்வளவு என்று துல்லியமாகப் பிரிக்க வழியில்லை. தேறி வந்தவர் என்பதால்தான் கரியைப் பற்றி எழுதுகிறோம் என்பதும் உண்மை. தேறாதவர்கள் செய்திக்கே வருவதில்லை. 2013-14 முதல் 2016-17 வரை நான்கு பருவங்களில் என்பிஏ-வில் 389 வீரர்களுக்கு 796 கணுக்கால் சுளுக்குகள் பதிவாகின. அவற்றில் பாதிக்கு மேல் ஓர் ஆட்டம்கூடத் தவறவில்லை. அடுத்த ஆட்டத்திலேயே இறங்கிவிட்டார்கள். 2010-இல் கரி செய்ததும் அதையேதான்.

இன்னொன்று. கால் புரள்வதெல்லாம் தன் குறையால் அல்ல. 2017 மே மாதம், வாரியர்ஸ் அணியின் ஸாஸா பசூலியா பந்தெறிந்து இறங்கிக்கொண்டிருந்த கவாய் லெனர்டின் அடியில் பாதத்தை நீட்டினார். லெனர்டின் இடது கணுக்கால் அதன் மேல் இறங்கிப் புரண்டது, அந்தத் தொடரே அவருக்கு முடிந்தது. எறிபவர் இறங்க இடம் விடாமல் முரட்டுத்தனமாக நெருங்கினால் கூடுதல் தண்டனை கொடுக்க நடுவர்களுக்கு அந்தச் செப்டம்பரில் லீக் அதிகாரம் தந்தது. எத்தனை டெட்லிஃப்ட் போட்டாலும் அடுத்தவன் ஷூவின் மேல் இறங்கும் காலைக் காக்க முடியாது. அதற்கு விசில்தான் வேண்டும்.

பின்தொடர்வு

2017 டிசம்பர் 4, நியூ ஆர்லியன்ஸ். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பந்தைப் பறிக்கப் பாய்ந்த கரியின் வலது கணுக்கால் மறுபடி புரண்டது. ஊன்றுகோலோடு அரங்கை விட்டுப் போனார். 11 ஆட்டங்கள் ஓய்வு. 2010-ஆக இருந்திருந்தால் அடுத்த வாரமே கட்டுப்போட்டு இறங்கியிருப்பார். இந்த முறை காத்திருந்தார்கள். டிசம்பர் 30 அன்று மெம்பிஸுக்கு எதிராகத் திரும்பியவர் 13 மூன்று புள்ளி வீச்சில் 10-ஐப் போட்டு 38 புள்ளி எடுத்தார். மார்ச்சில் அதே கால் மீண்டும் தொந்தரவு கொடுத்தது. அதிலிருந்து திரும்பி வந்த அன்றே சக வீரர் ஒருவர் இடது முழங்கால் மேல் விழுந்து அங்கே ஜவ்வு காயம். அந்தப் பருவத்தில் 51 ஆட்டம்தான்.

2024 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில், பிரான்சுக்கு எதிராக 36 வயதுக் கரி எட்டு மூன்று புள்ளி வீச்சுகளைப் போட்டார். 2012-இல் சுத்தம் செய்த அதே மூட்டில்தான் அன்றும் தாவி இறங்கினார்.